செல்லைக் கழட்டி வை

என் அக்கா வீட்டுக்காரர் ஒரு தொழிற்சாலையின் கணினிப் பிரிவில் சம்பளக் கணக்குக்குப் புரோகிராம் எழுதியவர். அலுவலகத்தில் அவருக்கு வைத்த பெயர் ரேடியோ. வாயைத் திறந்தால் மூட மாட்டார். அப்படிப்பட்டவருக்குத் தொண்டையில் கட்டி வந்து குரல்பெட்டியை எடுத்தபோது, கடவுளுக்குக் கண்ணே இல்லையா என்று வாய்விட்டே திட்டினேன்.

எழுதிக் காட்டட்டும் என்று புது ஃபோன் வாங்கிக் கொடுத்தேன். அத்தான் பாதி வாக்கியம் தட்டுவதற்குள் வங்கிக்காரன் கடன் வேண்டுமா என்பான், யாரோ வீடியோ அனுப்புவார்கள். என்ன சொல்ல வந்தோம் என்பதே அவருக்கு மறந்துபோகும். ஒரு நாள் அதை என் கையிலேயே திணித்துவிட்டு, பரணிலிருந்து தன் பழைய சின்னக் கணினியை இறக்கினார். தட்டச்சுப் பலகை, அதற்கு மேலே நான்கு வரித் திரை, அவ்வளவுதான். டார்ச்சுக்குப் போடுகிற செல்லில் ஓடும். இன்டர்நெட் கிடையாது. பொத்தானை அழுத்தினால் விட்ட இடத்தில் வந்து நிற்கும்.

அதற்குத் தமிழ் தெரியாது. அக்காவுக்கோ ஆங்கிலம் வேப்பங்காய். மனுஷன் விடவில்லை. ஒவ்வோர் எழுத்தையும் புள்ளி புள்ளியாகக் கோத்து, புரோகிராம் எழுதி, அந்தப் பெட்டிக்குத் தமிழ் கற்றுக்கொடுத்தார். முதல் வரியைத் தட்டி அக்கா பக்கம் திருப்பினார்: "டீயில சர்க்கரை பத்தல."

"குரல் போயும் குறை சொல்றது போகல பாரு" என்றாள் அக்கா. சொல்லிவிட்டு உள்ளே போய் அழுதாள்.

அத்தானுக்கு ஒரு பிடிவாதம் உண்டு. உபயோகிக்காத பொருளில் செல் இருக்கக் கூடாது, கசிந்து அரித்துவிடும். வெளியூர் கிளம்பினால் சுவர்க் கடிகாரத்தில்கூட விட்டுவைக்க மாட்டார். "செல்லைக் கழட்டி வை" என்று அக்காவைப் படாதபாடு படுத்துவார். குரல் போன பிறகும் விடவில்லை, திரையில் தட்டிக் காட்டினார்.

ஆஸ்பத்திரியில் கடைசி நாளன்று அக்கா மருந்து வாங்கக் கீழே போயிருந்தாள். திரும்புவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

"ரொம்ப நேரம் தட்டிக்கிட்டே இருந்தாரும்மா. யாருக்குன்னு கேட்டேன், நீங்க உக்காந்திருந்த நாற்காலியைக் காட்டினாரு" என்றாள் நர்ஸ்.

அதைப் படிக்க அக்காவுக்குத் துணிவில்லை. "நீ வந்து படிச்சுச் சொல்லுடா" என்றாள். நான் வெளியூரில் வேலை பார்ப்பவன். துக்கத்துக்கு வந்த கூட்டமெல்லாம் கலைந்த பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை மறுபடி போனேன். பீரோவிலிருந்து துணியில் சுற்றிய கணினியை எடுத்து வந்தாள். கூடவே ரப்பர் பேண்ட் போட்ட செல்கள்.

"நீ வர நாளாகும்னு அன்னிக்கே கழட்டிட்டேன். கசிஞ்சிடக் கூடாதில்ல?" என்றாள், அவர் சபாஷ் சொல்வார் என்பதுபோல.

அத்தான் அதில் செல் மாற்றுவதைப் பார்த்திருக்கிறேன். முதலில் வயரைச் சுவரில் செருகுவார், பிறகுதான் பழைய செல்லை எடுப்பார். மின்சாரம் நின்றால் அதில் எழுதியது எதுவும் நிற்காது. ஊரிலுள்ள பொருளுக்கெல்லாம் ஒரு சட்டம், இதற்கு மட்டும் வேறு. எப்போதும் தானே மாற்றியதால் அதை அக்காவிடம் சொல்ல அவருக்குத் தோன்றவே இல்லை.

செல்லைப் போட்டேன். திரையில் இரண்டு ஆங்கிலச் சொற்கள் மட்டும் வந்தன. அவர் எழுதியதோடு, கற்றுக்கொடுத்த தமிழும் போயிருந்தது.

ஏதாவது பொய் சொல்லலாமா என்று நினைத்தேன். அக்கா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். உள்ளதைச் சொன்னேன்.

அவள் அந்த ரப்பர் பேண்டை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்தாள். பிறகு, "செல்லைக் கழட்டி வைன்னுதான் எழுதியிருப்பாரு. வேற என்னத்த எழுதப் போறாரு அந்த மனுஷன்" என்றாள். சிரிக்கப் பார்த்தாள், முடியவில்லை.

கணினியை என்னிடமிருந்து வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். அதன் பிறகு அந்தச் செல்லை அவள் கழட்டவே இல்லை.