பிரிட்ஜ் மெக்கானிக்கின் டோன்

அடுத்தவர் வீட்டு பிரிட்ஜ் சத்தம் போடாமல் ஓட வேண்டும் என்று வாரம் முழுக்கப் பாடுபடுகிற மெக்கானிக், சனிக்கிழமை சாயங்காலமானால் சொந்த வீட்டைக் கிடுகிடுக்க வைப்பார். படுக்கையறையில் எலக்ட்ரிக் கிட்டார், ஒரு ஸ்பீக்கர், காலடியில் நாலு பெடல். மறுநாள் சபை ஆராதனைக்கு டோன் வைக்கிறாராம். பேஸை முழுக்கத் திருகுவார், மிடிலை ஒரேயடியாகக் குறைப்பார், எக்கோவை அள்ளிக் கொட்டுவார். ஒரு கம்பியைத் தட்டிவிட்டுப் போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தாலும் அது பாடிக்கொண்டே இருக்கும். தனியாகக் கேட்க அருமைதான், குறை சொல்வதற்கில்லை.

"குக்கர் எத்தனை விசில் விட்டுச்சுன்னே தெரியலங்க," என்பாள் மனைவி.

"விசில விடு. இந்த டோன் நாளைக்கு உன் காதுல விழணும். அதுக்குத்தான் இவ்வளவு பாடு."

அது வெறும் பேச்சில்லை. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவர் செய்த எந்த வேலையையும் அவள் உட்கார்ந்து ரசித்ததில்லை. கம்ப்ரஸர் மாற்றுவதை யார்தான் ரசிப்பார்கள்? இதையாவது கேட்டு அவள் ஒருநாள் அசந்துபோக வேண்டும் என்று மனிதர் ஏங்கினார். ஆராதனை முடிந்து வெளியே வந்ததும் முதல் கேள்வி, "கேட்டுச்சா?" அவளும் "கேட்டுச்சு, கேட்டுச்சு" என்பாள்.

உண்மையில் ஒரு மண்ணும் கேட்கவில்லை. முதல் ஒத்திகையிலேயே அவர் கிட்டார் டிரம்ஸ், கீபோர்டு, பாடுகிறவர்கள் எல்லாரையும் விழுங்கிவிட்டது. சபையின் சவுண்ட் மிக்ஸரில் இருந்தவன் மனைவியின் தம்பி. அக்கா புருஷனைப் பார்த்து, "உங்க டோன் சகிக்கல அத்தான்" என்று எந்த மச்சான் சொல்லுவான்? நாளைக்கு அந்த வீட்டில் கை நனைக்க வேண்டாமா? கிட்டார் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கிற ஃபேடரை ஓசைப்படாமல் அடிவரை இறக்கிவிட்டு, அத்தானின் ஹெட்போனுக்கு மட்டும் தாராளமாக அனுப்பிவைத்தான். அக்காவிடம் மட்டும் விஷயத்தைச் சொல்லியிருந்தான். நாலு மாதம் இப்படியே ஓடியது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மச்சானுக்குப் பல்வலி. கன்னம் வீங்கி வீட்டிலேயே படுத்துவிட்டான். அவனுக்குப் பதிலாக மிக்ஸரில் உட்கார்ந்த ஞாயிறு பள்ளி டீச்சருக்கு எதுவும் வரிசையாக இருந்தாக வேண்டும். எல்லா ஃபேடரும் மேலே இருக்க, ஒன்று மட்டும் கீழே கிடந்தது. பாவமாகத்தான் இருந்திருக்கும், அதையும் மேலே தள்ளிவிட்டார்.

முதல் தட்டிலேயே ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. பாடுகிறவர்கள் வாயசைப்பது மட்டும் தெரிந்தது. முன்வரிசைப் பெரியவர் ஒருவர் காது மெஷினைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். பாட்டு முடிந்தது, கிட்டார் முடியவில்லை. போதகர் கண்ணை மூடி, "ஜெபிப்போம்" என்றார். எக்கோ டுவொய்ங், டுவொய்ங் என்று போய்க்கொண்டிருந்தது. பதற்றத்தில் மெக்கானிக் தப்பான பெடலை மிதிக்க, அது இரட்டிப்பானது. போதகர் ஒரு கண்ணைத் திறந்தார்.

"பிரதர், முடிஞ்சுதா?"

"இன்னும் கொஞ்சம்தான் பாஸ்டர்."

வெளியே வந்ததும் மனைவி எல்லாவற்றையும் போட்டு உடைத்தாள். அவர் முகம் செத்துப்போனது.

"அப்ப இத்தனை நாளும் கேட்டுச்சு, கேட்டுச்சுன்னு சொன்னியே?"

"அவ்வளவு ஆசையா கேப்பீங்க. இல்லன்னு சொல்ல மனசு வரல."

"இன்னைக்கு?"

"இன்னைக்கு நிஜமாவே கேட்டுச்சுங்க." கொஞ்சம் தயங்கினாள். "ஆனா நல்லாவே இல்ல."

அவருக்குக் கண் கலங்கியது. "நிஜமாவா? உனக்குக் கேட்டுச்சா?"

"நல்லா இல்லன்னு சொல்றேங்க!"

"அது கெடக்கட்டும். கேட்டுச்சுல்ல?"