செல்வியின் ரத்தத்தில் இருந்த பழைய காய்ச்சல்

அபிராமபுரத்தில் நான் டெக்னீஷியனாக இருந்த லேபுக்கு ஒருநாள் காலை செல்வி திரும்பி வந்தார். மூன்று நாள் முன்பு நான் கொடுத்த ரிப்போர்ட்டைக் கவுன்ட்டரில் வைத்தார். சிக்குன்குனியா ஐஜிஎம்: நெகட்டிவ்.

"இன்னா மேடம் இது? ஒண்ணுமில்லேன்னு எழுதிக்கீது. வேலைக்கு வராதேன்னுட்டாங்க."

ராஜா அண்ணாமலைபுரத்தில் ஒரு வீட்டில் அவர் சமையல் வேலை செய்தார். கைவலி என்று அடிக்கடி லீவு எடுக்க, வீட்டுக்கார அம்மா "நடிக்கிறியா?" என்று கேட்டிருக்கிறார். அதற்குப் பதில் சொல்லத்தான் செல்வி டாக்டரைப் பார்த்து, டெஸ்ட் எடுத்து, ரிப்போர்ட்டைக் கொண்டுபோய்க் காட்டினார். அதுவே அவருக்கு எதிராகப் போய்விட்டது.

"காய்ச்சல் எப்பம்மா வந்துச்சு?" என்றேன். முதல் நாளே கேட்டிருக்க வேண்டும்.

"அஞ்சு மாசம் ஆச்சு. காய்ச்சல் போயிடுச்சு, வலி போவல. காலைல கரண்டி புடிக்க முடில."

எனக்குச் சுருக்கென்றது. ஐஜிஎம் என்ற எதிர்ப்புப் பொருள் புதுக் காய்ச்சலில் ரத்தத்தில் தெரியும். மாதங்கள் போனால் பெரும்பாலும் மறைந்துவிடும். எப்போதோ வந்துபோனதைக் காட்டுவது ஐஜிஜி. டாக்டர் எழுதிய சீட்டில் ஐஜிஎம் மட்டும் இருந்தது, நானும் அதை மட்டும் செய்து அனுப்பிவிட்டேன்.

லேபின் பொறுப்பு டாக்டரான எங்கள் பெத்தாலஜிஸ்ட்டிடம் போய் உள்ளதைச் சொன்னேன். திட்டு விழும் என்றுதான் நினைத்தேன்.

"அவங்க ரத்தத்துலேர்ந்து பிரிச்ச சீரம் இருக்கா?" என்றார்.

"ஃபிரிட்ஜ்ல இருக்கு டாக்டர்."

"டெஸ்ட் எழுதின டாக்டர்கிட்ட நான் பேசறேன். நீ இன்னிக்கு ஓடுற டெஸ்ட் பிளேட்லயே ஐஜிஜி போட்டுடு."

செல்வி வீட்டுக்குப் போகவில்லை, பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தார். மதியம் பிளேட்டின் குழிகளில் கடைசித் திரவமான ஸ்டாப் சொல்யூஷனை விட்டதும், அவருடைய சீரம் இருந்த குழி அடர் மஞ்சளானது. நிறத்தை அளக்கும் ரீடர் மெஷினும் பாசிட்டிவ் என்றது.

"அப்ப நான் நடிக்கலேன்னு இதுல எழுதிக்கீதா?" என்று கேட்டார் செல்வி.

பெத்தாலஜிஸ்ட் அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "வலியை எந்த மெஷினும் அளக்காதும்மா. உனக்கு அந்தக் காய்ச்சல் வந்துபோயிருக்குன்னு இது சொல்லுது. வலிக்கு அதான் காரணமான்னு உன் டாக்டர் கையைப் பார்த்துட்டுச் சொல்வார்."

செல்வி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். இத்தனை மாதத்தில் தன்னை நம்பிப் பேசிய முதல் ஆள் பெத்தாலஜிஸ்ட்தான் என்றார்.

செல்வியின் டாக்டர் அவர் கை மூட்டுகளைப் பார்த்துவிட்டு, அந்தக் காய்ச்சல் விட்டுப்போன மூட்டுவாதம்தான் என்று சொல்லி மருந்து கொடுத்தார். சில மாதம் கழித்து செல்வி லேபுக்கு வந்து, விரல்களை மடக்கி விரித்துக் காட்டினார்.

"பழைய வீட்ல கூப்ட்டாங்க மேடம். போவல. நந்தனத்துல ஒரு ஆபீஸ் கேன்டீன்ல வேலை செஞ்சினு கீறேன். உங்களாலதான்."

நன்றி சொல்லவேண்டியது நான். அதன்பின் காய்ச்சல் வந்த தேதியைக் கேட்காமல் நான் யாரிடமும் ரத்தம் எடுத்ததில்லை. அன்று அவர் ரிப்போர்ட்டைக் கிழித்துப் போட்டுவிட்டு வீட்டிலேயே இருந்திருந்தால், என்ன தவறு செய்தேன் என்று தெரியாமலே நான் ரிட்டயர் ஆகியிருப்பேன்.