வாட்டர்லூவில் குப்புறப் படுத்தவர்கள்

வாட்டர்லூவில் செத்தவர்களுக்கு முகம் தேவைப்படவில்லை, முதுகு போதும். அதனால்தான் எங்களைக் கூப்பிட்டார்கள்.

மயிலத்துக்கும் திண்டிவனத்துக்கும் நடுவே, மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, பிடுங்கி முடித்த கொல்லை. வெளிநாட்டுக்காரன் ஒருவன் அந்தச் சண்டையைப் படமாக எடுத்தான். பிரெஞ்சுப் பேரரசனைக் கடைசியாகத் தோற்கடித்த சண்டை. பத்தாம் வகுப்பில் அதை ஒரே வரியில் படித்திருக்கிறேன். நிற்கிற, பேசுகிற சிப்பாய்களுக்குப் புதுச்சேரியிலிருந்து வெள்ளைக்காரர்கள் வந்திருந்தார்கள். பிணங்களுக்கு ஆள் பிடித்தவர், களையெடுப்புக்கு எங்களை அழைத்துப் போகும் மேஸ்திரி.

"ஊர் ஆளுங்க குதிரை புடிப்பாங்க. காலனி ஆளுங்க பொணம்," என்றார். அதைச் சொல்ல அவருக்கு வாய் கூசவில்லை.

ஆண்கள் போதாமல் பெண்களையும் சேர்த்தார்கள். கூந்தலைத் தொப்பிக்குள் செருகி, கம்பளிக் கோட்டு மாட்டினார்கள். சித்திரை வெயிலில் கம்பளி. பூட்ஸ் எல்லோருக்கும் இல்லை. காஸ்ட்யூமர் சிரித்தான்: "செத்தவன் பூட்ஸை எவனோ கழட்டிக்கினு போயிட்டான்னு வெச்சிக்கலாம். அந்தக் காலத்துல நெஜமாவே அப்படித்தான் பண்ணானுங்க." எங்கள் வெறுங்காலில் வெள்ளைச் சாயம் பூசினான்.

என் அக்கா காலைத் தூக்கிப் பார்த்தாள். "இன்னாடி, பொறந்து இத்தினி வருசத்துல செவப்பாவாத காலு, சாவறப்ப ஆயிடுச்சி! படுத்துக்கினு இருக்கறதுக்குக் கூலி வேற. வா, சாவலாம்."

சண்டைக்கு முந்தின ராத்திரி அங்கே மழை பெய்ததாம். அதற்காகத் தண்ணி லாரி வைத்துக் கொல்லையைச் சேறாக்கினார்கள். எங்களுக்குக் குடிக்கத் தண்ணீர் இல்லை. கேட்டதற்கு, "அது சேத்துக்கு. குடிக்கிறது கேன்ல வரும்," என்றான் உதவி டைரக்டர். கேன் வந்தது. குதிரை பிடிக்கிறவர்களோடு வேப்பமரத்தடியில் நின்றுவிட்டது.

மதியம் தாண்டியும் படுத்திருந்தோம். புகை போட்டார்கள். மூக்கருகே சேறு கொதித்தது.

"தலை சுத்துதுடி," என்றாள் அக்கா.

"எழுந்துடு."

"பொணம் எழுந்தா கூலியைப் புடிச்சிக்குவாங்களாம்."

கொஞ்ச நேரம் கழித்து அவளாகவே முட்டி போட்டு எழுந்தாள். ரெண்டு பக்கமும் ஆடினாள். முகம் சேற்றில் பட விழுந்தாள். கால்கள் உதறின.

"யாரும்மா அது, எழுந்திருக்கற பொணம்?" என்று மைக்கில் சத்தம் வந்தது. வெளிநாட்டுக்காரன் ஏதோ சொன்னான். உடனே மைக் குரல் மாறியது. "சூப்பர்! அப்படியே பண்ணு. கேமரா ஓடுது. பக்கத்துல யாரும் அசையாதீங்க!"

நான் எழுந்து கத்தினேன். வேப்பமரத்தடியில் சிரித்தார்கள். அக்காவைப் புரட்டினேன். கண் மேலே செருகியிருந்தது. உடம்பு அடுப்பு மாதிரி சுட்டது, வேர்வை ஒரு சொட்டு இல்லை. கோட்டைக் கிழிக்கப் போனேன். காஸ்ட்யூமர் ஓடிவந்து என் கையைப் பிடித்தான்.

"பித்தளைப் பொத்தான்மா, பிஞ்சிடும். வாடகைக் கோட்டு. இரு, நான் கழட்டறேன்."

ஒவ்வொரு பொத்தானாகக் கழற்றினான். அவள் உதறிக்கொண்டிருந்தாள், அவன் பொறுமையாகக் கழற்றினான். கோட்டை உதறி மடித்துத் தோளில் போட்டுக்கொண்ட பிறகுதான் நகர்ந்தான். லாரியின் குழாயை இழுத்துவந்து அவள்மேல் தண்ணீர் விட்டேன். வண்டி கேட்டேன்.

"பேஜாரு பண்ணாத," என்றார் மேஸ்திரி. "வெளிச்சம் மாறிடும். ஜல்தியா ஒரு ஷாட்டு முடிச்சிட்டு வண்டி தருவாங்க."

கூடப் படுத்திருந்த பிணங்கள் எழுந்து வந்தன. எங்கள் தெரு ஆட்கள். அவர்கள்தான் அவளை ரோடுவரைக்கும் தூக்கினார்கள். ஷேர் ஆட்டோவை மறித்துத் திண்டிவனம் ஆஸ்பத்திரிக்குப் போனோம். அங்கே பார்த்துவிட்டு விழுப்புரம் கொண்டுபோகச் சொன்னார்கள். விழுப்புரத்தில் நர்ஸ் அவள் காலைப் பார்த்து, "இது இன்னாமா, தோல் வியாதியா?" என்று கேட்டார். மறுநாள் காலையில் அக்கா செத்தாள். யாரும் மைக்கில் பாராட்டவில்லை.

படம் நெட்டில் வந்ததும் மேஸ்திரி போனோடு எங்கள் தெருவுக்கே வந்தார்.

"பாத்தியா, உங்க அக்காதான். இன்னாமா விழுறா பாரு!"

பார்த்தேன். புகைக்குள் ஒரு பிரெஞ்சுச் சிப்பாய் முட்டி போட்டு எழுகிறான், ஆடுகிறான், விழுகிறான். நான் எழுந்ததை வெட்டிவிட்டார்கள். அவள் உதறியதை வைத்துக்கொண்டார்கள்.

"இதை எடுக்கச் சொல்லுங்க. இல்லன்னா போலீசுக்குப் போவேன்."

"போயி இன்னான்னு சொல்லுவ?" போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். "மூஞ்சியே தெரியல. அது உங்க அக்கான்னு எவன் நம்புவான்?"

முகம் தெரியவில்லைதான். கால் தெரிகிறது. வெள்ளைச் சாயத்துக்குள் வாய் பிளந்து கிடக்கிற அந்தக் குதிகால் வெடிப்பை எனக்குத் தெரியும். ராத்திரியில் விளக்கெண்ணெய் தடவிவிட்டவள் நான்தான்.