ஆற்றுக்குள் சாமி

எங்கள் மாமா எதையும் முழுதாகச் சொல்லி முடித்ததாக எனக்கு ஞாபகமில்லை. அது அவர் குற்றமில்லை. எங்கள் வீட்டில் ஒருவர் வாயைத் திறந்தால் மற்றவர்கள் முடித்துவைத்துவிடுவார்கள். அம்மாவின் தம்பியான அவர் கம்போடியாவில் ஒரு ஓட்டலில் சமையல் வேலை பார்த்தார். நான் நாலாவது படித்த வருஷம், லீவில் எங்கள் மீனாட்சிபுரத்துக்கு வந்தவர் கைபேசியில் ஒரு வீடியோ கொண்டுவந்தார். சாக்லேட்டுக்காகக் காத்திருந்த எனக்கு அவர்மேல் கோபம்தான் வந்தது.

அது பொல்லாத வருஷம். வாய்க்காலில் ஆழியாற்றுத் தண்ணீர் வரவில்லை. எல்லைக்கு இரண்டு பக்கத்துச் சர்க்கார்களும் பேசிக்கொண்டிருக்கின்றன என்று அப்பா பேப்பரைப் பார்த்துச் சொல்வார். பேச்சு மட்டும் வற்றவேயில்லை. கிணறு காய்ந்துவிட்டது, போர் மோட்டாரைப் போட்டால் காற்றுதான் வந்தது. மனிதர்களும் மாடுகளுமாக லாரித் தண்ணீரை நம்பிக் கிடந்தோம். எங்கள் பசு செவலை அப்போது நிறைசினை. காலித் தொட்டியை நக்கிவிட்டு அது அம்மாவைப் பார்த்துக் கத்தும்போது நான் காதைப் பொத்திக்கொள்வேன். தண்ணீர் காட்ட முடியாத மாட்டைக் கட்டிவைத்திருப்பது பாவம், பொள்ளாச்சிச் சந்தைக்கு ஓட்டிவிடலாம் என்று அப்பா முடிவு செய்து தரகரை வரச் சொல்லிவிட்டார். கன்று போடப்போகிற மாட்டையா என்று ஒரே ஒரு தடவை கேட்ட அம்மா, அதற்குப் பிறகு அப்பாவிடம் பேச்சையே நிறுத்திவிட்டாள்.

மழைக்காக ஊரில் வழக்கமாகச் செய்வதையும் செய்தாயிற்று. ஈஸ்வரன் கோயில் கருவறையிலிருந்து அபிஷேகத் தண்ணீர் வெளியே விழுகிற கோமுகியைத் துணியும் களிமண்ணும் வைத்து அடைத்து, நிலைப்படியையும் களிமண்ணால் உயர்த்தி, லிங்கம் மூழ்கும்வரை தண்ணீர் ஊற்றி நிறுத்தியிருந்தார்கள். சாமிக்கு மூச்சு முட்டினால் மழையை அனுப்பிவைப்பார், மழை வந்ததும் அடைப்பைப் பிடுங்கிவிட வேண்டும். ஆனால் கல் இடுக்கு வழியாகத் தண்ணீர் கசிந்துகொண்டேயிருந்தது. அதனால் வீட்டுக்கொரு குடம் தினமும் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். எங்கள் வீட்டுக் குடம் செவலையின் பங்கிலிருந்துதான் போயிற்று.

இந்தச் சமயத்தில்தான் மாமா கோயில் வாசலில் வைத்து அந்த வீடியோவைக் காட்டினார். கம்போடியாவில் ஏதோ காட்டுக்குள் ஒரு ஆறு ஓடியது. தெளிந்த தண்ணீருக்கடியில் பாறை முழுக்க, இட்லித் தட்டில் மாவு ஊற்றிவைத்ததுபோல வரிசை வரிசையாகக் குமிழ்கள் தெரிந்தன.

“அத்தனையும் லிங்கமுங்க. ஆயிரம் வருசத்துக்கு முந்திச் செதுக்குனது. இந்தப் பக்கம் பாருங்க, பெருமாள் படுத்திருக்கறாரு. எதுக்குன்னா…”

“தண்ணிக்குள்ளயா?” பக்கத்து வீட்டு அத்தை நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். “அடக் கடவுளே! அங்கயும் மழ இல்லயாட்ட இருக்குது.”

“அதில்லீங்க, நாஞ் சொல்றதக் கேளுங்க…”

“ஆயிரம் வருசமா ஒருத்தன் கூடவா தொறந்து உடல?” என்றார் பூசாரி. பிறகு மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, ஆறு ஓடுவதை மறுபடி உற்றுப் பார்த்தார். அவருக்கு ஏதோ பிடிபட்டுவிட்டது. “தொறக்காததுனாலதானுங்க அங்க ஆறு ஓடுது! நாம மழயக் கண்டதும் தொறந்து உட்டர்றோம். சாமியும் அடுத்த வருசமே மறந்தர்றாரு.”

அவ்வளவுதான். இனி அடைப்பை எடுப்பதே இல்லை, வீட்டுக்கு ரெண்டு குடம் என்று அங்கேயே தீர்மானமாயிற்று. மாமா கைபேசியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

எனக்குத் தலை சுற்றியது. ஆறுதான் ஓடுகிறதே, பிறகு எந்த மழைக்காக அங்கே சாமியை முக்கிவைத்திருக்கிறார்கள்? ஆயிரம் வருஷம் மூச்சை அடக்கிக்கொண்டா இருப்பார்? டீச்சரிடம் கேட்டேன், பாடத்தைப் படி என்றார்.

மறுநாள் கட்டுத்தறியில் சாணி அள்ளிக்கொண்டிருந்த அம்மா, மாமாவைக் கூப்பிட்டு நிறுத்தினாள்.

“ஏண்டா, அந்த ஆத்துத் தண்ணி அப்பறம் எங்க போவுது?”

மாமாவுக்கே நம்ப முடியவில்லை. ஒருத்தர் கேள்வி கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருந்தார்!

“கீழ வயலுக்குத்தானுங்கக்கா. சாமி மேல ஓடி வந்தாத் தண்ணி தீர்த்தமாயிருமாமா. அதக் குடிக்கற பயிரும் மாடும் மனுசனும் நல்லா இருக்கோணும்னுதான் ஆத்துக்குள்ளயே செதுக்குனாங்களாமா. அங்க கூட்டிப்போனவன் சொன்னான்.”

தரகர் வருவதாக இருந்தது அன்றைக்குத்தான். உச்சி வெயிலில் ஊர் அடங்கிக் கிடந்தபோது, “செவலையப் புடிச்சுட்டு வா கண்ணு” என்று அம்மா என்னிடம் சொல்லிவிட்டு, சோறு வடிக்கிற ஒரு அகன்ற அலுமினிய அன்னக்கூடையைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தாள். நேராகக் கோயிலின் பின்பக்கம் போய்க் கோமுகிக்குக் கீழே அதை வைத்தாள். “சாமீ” என்று கன்னத்தில் போட்டுக்கொண்டு, களிமண்ணைத் தட்டித் துணியை உருவினாள்.

குபுகுபுவென்று கொட்டியது தண்ணீர். செவலை என் கையிலிருந்த கயிற்றை அறுக்காத குறையாக இழுத்துக்கொண்டு போய் மூஞ்சியை உள்ளே விட்டது. சாமியைத் திறந்துவிட்டுவிட்டாள், இனி மழையும் போச்சு, எங்கள் குடும்பமும் போச்சு என்று அழ ஆரம்பித்தேன்.

சத்தம் கேட்டு முதலில் வந்தது பக்கத்து வீட்டு அத்தை. “அடிப் பாவி! ஊர் மழயவே தொறந்து உட்டுப்போட்டியே!” என்று அவர் போட்ட கூச்சலில் தெருவே திரண்டது. தொழுவத்தில் மாட்டைக் காணாமல் தேடிக்கொண்டு அப்பாவும் தரகரும் வந்து சேர்ந்தார்கள். அம்மா யாரையும் பார்க்கவில்லை, செவலையின் முதுகைத் தடவிக்கொண்டே நின்றாள்.

“சாமி குளிச்ச தண்ணி வாயில்லாச் சீவனுக்குப் போனா ஆவாதுங்களா?” என்று பூசாரியைப் பார்த்துக் கேட்டாள்.

பூசாரி கோமுகியைப் பார்த்தார், செவலையின் வயிற்றைப் பார்த்தார், விறுவிறுவென்று வீட்டுக்குப் போனார். தடி எடுக்கப் போகிறாரோ, போலீசைக் கூப்பிடப் போகிறாரோ என்று எல்லாரும் பார்த்திருக்க, தன் எருமையைப் பிடித்துக்கொண்டு வந்தார். அதற்குப் பிறகு யார் மாடு முந்துவது என்பதில்தான் சண்டை. அப்பா தரகரைத் தள்ளிக்கொண்டு போய், “கன்னு போடட்டுமுங்க, அப்பறம் பேசிக்கலாம்” என்று சொன்னது என் காதில் விழுந்தது.

மழை பின்னால் ஒருநாள் பெய்தது. அது அடைத்ததால் வந்ததா, திறந்ததால் வந்ததா என்று எங்கள் தெருவில் இன்னும் முடிவாகவில்லை.

எனக்கு அன்றைக்கு வேறு கவலை. சிந்திய தண்ணீர் மண்ணில் கோடாக ஓடியது. அதற்குள் சாமி போகிறார் என்று மிதிக்காமல் தாண்டித் தாண்டி முன்வாசலுக்கு ஓடி, நிலைப்படிக்கு வெளியே நின்று எட்டிப் பார்த்தேன். கருவறையில் சொட்டுத் தண்ணீர் இல்லை. லிங்கம் ஈரத்தோடு இருந்த இடத்திலேயே இருந்தது.

சாமி இங்கேதான் இருக்கிறார் என்றால், செவலை வயிறு முட்டக் குடித்தது யாரை?