ஒரு மார்க்கின் நேரம்

சோறு வேகப் பத்து மார்க். துணி காயப்போட நாலு. சுங்கை சிப்புட்டிலிருந்து ஈப்போ அலுவலகத்துக்குக் காரில் இருபது, மழை பெய்தால் இருபத்தைந்து. என் அம்மா நவமணி நேரத்தை நிமிடத்தில் சொல்லி ஏழு வருடமாகிறது.

அவர் எழுதும் கணக்காளர் தேர்வில் நூறு மதிப்பெண்ணுக்கு நூற்றுத் தொண்ணூற்றைந்து நிமிடம். வகுத்தால் ஒரு மதிப்பெண்ணுக்கு இரண்டு நிமிடம்கூட இல்லை. அந்த அளவு உடம்பில் ஊற வேண்டும் என்று வீட்டு வேலை எல்லாவற்றையும் அதிலேயே அளக்கிறார். "இன்னும் ரெண்டு மார்க்லா, அடுப்ப அணைக்காத" என்று குளியலறையிலிருந்து குரல் வரும்.

அப்பா கூடத்தில் விழுந்த அன்று, ஆம்புலன்ஸ் வர எவ்வளவு நேரம் ஆனது என்று மருத்துவமனையில் கேட்டார்கள். "பதினெட்டு மார்க்" என்றார் அம்மா. தாதிக்குப் புரியவில்லை. முப்பத்தைந்து நிமிடம் என்று நான் சொன்னேன்.

அம்மாவுக்கு ஐம்பத்தொரு வயது. ஈப்போவில் ஒரு தணிக்கை நிறுவனத்தில் இருபத்தாறு வருடமாக வேலை. கையில் எப்போதும் பச்சைப் பேனா. மூலப் பத்திரத்தைக் கண்ணால் பார்த்த பிறகே டிக் போடுவார். "பாத்தாதான் டிக். சொன்னதுக்கெல்லாம் டிக் கெடையாது." வீட்டு மளிகை ரசீதுக்கும் அதே விதிதான். அப்பாவின் பதினாறாம் நாள் சமையல் பட்டியலில் வாழைக்காய் வரிக்கு மட்டும் டிக் இல்லை. வாழைக்காய் வரவில்லை.

ஆனால் தணிக்கை அறிக்கையில் கையெழுத்து வைக்கும் தகுதி அவருக்கு இல்லை. அதற்கு இந்தத் தேர்வு வேண்டும். அவரிடம் வேலை பழகிய ஷர்வின் முந்திக்கொண்டு தேறி, இப்போது கையெழுத்து வைக்கிறான். "அக்கா, பென்ஷன் வாங்குற வயசுல என்னாத்துக்குப் பரீட்ச?" என்று ஒருமுறை கேட்டானாம். "நீ சைன் வைக்கிறது என் ஃபைல்லதான் தம்பி. கிறுக்காம வை" என்றாராம்.

கடைசிக் கட்டத்தில் நான்கு தாள். மூன்று தேறிவிட்டார். நான்காவதில் முதலில் நாற்பத்தெட்டு, அடுத்து நாற்பத்தொன்பது. ஐம்பது வேண்டும். கூட்டலைச் சரிபார்க்கக் கேட்கலாம், விடையைத் திருப்பித் திருத்த மாட்டார்கள். முதல் தாள் தேறிய நாளிலிருந்து ஏழு வருடத்துக்குள் எல்லாம் முடியவில்லை என்றால் அந்தத் தேர்ச்சி செல்லாது, அந்தத் தாளை மறுபடியும் எழுத வேண்டும். அந்த ஏழு வருடம் இந்த மாதத்தோடு முடிகிறது. வரும் வியாழன் கடைசி வாய்ப்பு.

தொழிற்சாலைத் தராசுகளைச் சோதித்துச் சரிசெய்வது என் வேலை. நான் சான்று தரும் எந்தத் தராசுக்கும் இவ்வளவு கூடலாம், இவ்வளவு குறையலாம் என்று பிழை வரம்பு எழுதுவேன். மனிதர் திருத்தும் விடைத்தாளுக்கு அது கிடையாது. நாற்பத்தொன்பதையும் ஐம்பதையும் பிரித்தறியும் தராசு உலகத்தில் இல்லை என்று அம்மாவிடம் சொன்னேன்.

"கோட்ட எங்கயாச்சும் போட்டுத்தான ஆவணும்? நாப்பத்தொம்பதுல போட்டா நாப்பத்தெட்டு எடுத்தவ அழுவா."

"அது நியாயமாம்மா?"

"திருத்துறவனுக்கு என் பேரு தெரியாது. எஸ்டேட்டா டவுனா, தெரியாது. நம்பர மட்டும்தான் பாக்குறான். இன்டர்வியூவுக்குப் போன எடத்துல எல்லாம் மொதல்ல எங்கப்பா என்னா வேலன்னுதான் கேட்டானுங்க. எனக்கு இது போதும்லா."

ஒவ்வொரு தாளுக்கும் அப்பாதான் நேரம் பிடித்தார். லோரி ஓட்டுநர். கேள்வியில் ஒரு வரியும் புரியாது. எதிரே உட்கார்ந்து கைக்கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்து, "மணி, போதும், பேனாவ வை" என்பார். அந்தக் கடிகாரத்தை இப்போது அம்மா கட்டிக்கொண்டிருக்கிறார். பெரிது. முழங்கை வரை நழுவிப் போகிறது. அப்பா போனதிலிருந்து பயிற்சி எழுத உட்காரவில்லை.

தேர்வுக்கு முன் நெருங்கிய உறவு இறந்தால் சலுகைக்கு விண்ணப்பிக்கலாம். இறப்புச் சான்றிதழை இணைத்தால், கோட்டருகே நிற்பவரின் தாளை மறுபடி பார்ப்பார்களாம். ஞாயிற்றுக்கிழமை காலை விண்ணப்பப் பாரத்தை அச்சிட்டு நிரப்பி, பசியாறும் மேசையில் வைத்தேன்.

அம்மா பச்சைப் பேனாவை எடுத்தார். சான்றிதழைப் பக்கத்தில் வைத்து வரி வரியாக ஒப்பிட்டார். பெயர், டிக். அடையாள அட்டை எண், டிக். மூன்றாவது வரியில் பேனா நின்றது.

"தினேஸ், உங்கப்பா போனது செவ்வாக்கெழம. நீ பொதன் தேதி போட்டிருக்க. பொதன் எடுத்த நாளு."

அம்மாவே தேதியை அடித்துத் திருத்தினார். மீதி வரிகளுக்கும் டிக் விழுந்தது. கையெழுத்துக் கோட்டுக்கு வந்தார்.

"இதுக்கு எத்தன மார்க் போடுவானுங்க?"

"தெரியாதும்மா. சொல்ல மாட்டாங்க."

"எத்தனன்னு தெரியாததுக்கு நான் எப்படி சைன் வைக்கிறது?"

"வியாழக்கெழம நாப்பத்தொம்பது வந்தா?"

அம்மா பாரத்தைத் திருப்பிப் போட்டார். வெற்றுப் பக்கத்தில் ஓரக்கோடு கிழித்து, மேலே 'கேள்வி ஒன்று, 25 மார்க்' என்று எழுதினார். பிறகு அப்பாவின் கடிகாரத்தைக் கழற்றி, மேசைமேல் என் பக்கமாகத் தள்ளினார்.