மாமா தோமா

எங்கள் வீட்டில் ஒரு புத்தகத்தைக் கண்டு பயந்தார்கள் என்றால் இப்போது யாரும் நம்ப மாட்டார்கள். எழுபதுகளில் நடந்தது. அப்போது எனக்குப் பத்து வயது இருக்கும்.

சித்தப்பா பினாங்கு துறைமுகத்தில் கணக்கெழுதும் கிராணி. ரப்பர் ஏற்ற வந்த ரஷ்யக் கப்பல்காரன் ஒருவன் அவருக்கு அந்தப் புத்தகத்தைக் கொடுத்திருந்தான். ஒரு பக்கம் ரஷ்ய மொழியில் குட்டிக் கதை, எதிர்ப் பக்கம் இங்கிலீஷில் அதன் அர்த்தம். அந்தப் பாஷை வந்துவிட்டால் கப்பலில் வேலை வாங்கி நாலு தேசம் பார்க்கலாம் என்பது சித்தப்பாவின் ஆசை. அப்பாவோ அவருக்கு நிபோங் திபாலில் பெண் பார்த்து, நிச்சயம் வரைக்கும் கொண்டுவந்திருந்தார். இரண்டு வருடம் போகட்டும் என்று சித்தப்பா மூன்று தடவை கேட்டும் அது யார் காதிலும் ஏறவில்லை.

கம்யூனிஸ்ட் என்றாலே போலீஸ் வரும் அந்தக் காலத்தில் ரஷ்யா என்ற பேச்சு வந்தாலே அப்பா எழுந்துபோய் சன்னலைச் சாத்துவார். புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தார். சில எழுத்துகள் கண்ணாடியில் பார்த்ததுபோலத் திரும்பி நின்றன. அவருக்குச் சந்தேகம் முற்றிவிட்டது.

"சும்மா கதை படிக்கிறவன் எதுக்குக் கதவைச் சாத்தணும்?" என்றார் அம்மாவிடம். அம்மா என்னைப் பார்த்தாள். நான் அதிகம் பேசாத பிள்ளை, கதவோரம் நின்றாலும் யார் கண்ணிலும் படமாட்டேன். வேலை எனக்கு வந்தது.

மூன்று நாள் சாயங்காலம் ஒட்டுக் கேட்டேன். சித்தப்பா எழுத்துக் கூட்டி மெல்லிய குரலில் ஒன்றையே திரும்பத் திரும்பச் சொன்னார். "மாமா தோமா. நீனா தோமா." கேட்டதைக் கேட்டபடி அம்மாவிடம் ஒப்பித்தேன்.

அம்மா அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அவள் கணக்கில், தோமா என்று சர்ச்சுக்குப் போகிற ஒரு வேதக்காரர். அவருடைய மகள் நீனா. சித்தப்பா அந்த மனிதரை மாமா என்று கூப்பிடும் அளவுக்குக் காரியம் போய்விட்டது. இதற்குமேல் என்ன சாட்சி வேண்டும்?

அன்றைக்கே விசாரணை. "யாருடா அந்தத் தோமா?" என்றார் அப்பா.

சித்தப்பாவுக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் சிரித்துவிட்டார். "ஐயோ அண்ணே, அது ரஷ்யாக்காரன் பேச்சுலா. மாமான்னா அம்மா. தோமான்னா வீட்டுல. அம்மா வீட்டுல இருக்காங்கன்னு அர்த்தம்."

"மாமான்னா அம்மாவா? அப்ப அம்மான்னா யாரு, அத்தையா?"

"இங்கிலீஷ்ல போட்டிருக்கு, பாருங்க."

"எனக்குப் படிக்கத் தெரியாதுன்னு குத்திக் காட்டுறியா?"

சித்தப்பா என்னைப் பார்த்தார். நான் அம்மாவின் முதுகுக்குப் பின்னால் ஒதுங்கினேன்.

"இவன் இப்படி ஒருத்தியை வச்சிக்கிட்டிருந்தா, நிபோங் திபால்காரங்க மூஞ்சியில நான் எப்படி முழிப்பேன்? அவங்க பொண்ணுக்கு வேற மாப்பிள்ளை பாத்துக்கச் சொல்ல வேண்டியதுதான்" என்று அம்மாவிடம் புலம்பினார் அப்பா.

சித்தப்பாவின் சிரிப்பு நின்றது. புத்தகத்தை மூடினார். கொஞ்ச நேரம் அதன் அட்டையைத் தடவிக்கொண்டிருந்தார். பிறகு தலையைக் குனிந்துகொண்டு, "ஆமாண்ணே. தோமா பொண்ணுதான்" என்றார்.

நிச்சயம் நின்றது. அப்பா ஒரு மாதம் சித்தப்பாவோடு பேசவில்லை. சௌரஸ்தா பாசாருக்குப் போனால், கவுன் போட்ட பெண்களையெல்லாம் அம்மா உற்று உற்றுப் பார்ப்பாள், நானும் பார்ப்பேன்.

நிச்சயம் நின்றதற்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை சித்தப்பா என்னை பாடாங் கோத்தா கடற்கரைக்குக் கூட்டிப்போய் ஒரு கிண்ணம் ஐஸ் காச்சாங் வாங்கித் தந்தார். பக்கத்தில் உட்கார்ந்து அந்தப் புத்தகத்தை விரித்துக்கொண்டார்.

"நீனா சித்தி எப்ப வருவாங்க?" என்று கேட்டேன்.

"அவளா? நாலாவது கதையில மார்க்கெட்டுக்குப் போனா. இன்னும் திரும்பல" என்று சொல்லிவிட்டு, கடைக்காரரிடம் எனக்கு இன்னொரு கிண்ணம் கேட்டார்.

காட்டிக்கொடுத்தவளுக்கு எதற்கு இந்த உபசாரம் என்று எனக்குப் புரியவில்லை. திட்டு எந்த நேரம் விழுமோ என்று அவர் முகத்தைப் பார்த்துப் பார்த்தே அதையும் தின்று முடித்தேன்.