செம்மறிக்கும் அக்காவுக்கும் ஒரே மெஷின்

அவுஸ்திரேலியாவில் நான் செம்மறி ஆடுகளின் மூளையைப் படம் பிடிக்கிறேன். பாரிசவாதம் என்கிற பக்கவாதம் வரும்போது மூளையில் எந்தப் பகுதி சாகிறது, எதை இன்னும் காப்பாற்றலாம் என்று பார்க்கும் ஆராய்ச்சி அது. எலியின் மூளை வழுவழுப்பாக இருக்கும். செம்மறியின் மூளையிலோ நம்முடையதைப் போலவே மடிப்புகள் உண்டு. உடம்பும் பெரிது என்பதால் மனிதர்களுக்கான எம்.ஆர்.ஐ. மெஷினிலேயே மயக்கிப் படுக்கவைத்துப் படம் எடுப்போம்.

ஊரில் இதையெல்லாம் நான் சொன்னதில்லை. ஆரையம்பதியில் இருக்கும் அக்காவுக்கு நான் செய்வது ஏதோ ஆஸ்பத்திரி வேலை. அவள் வீட்டிலிருந்து பள்ளிக்கூடச் சீருடை தைப்பவள். போன வருடம் ஒரு காலையில், தைத்துக்கொண்டிருக்கும்போதே அவளுடைய வலக்கை சோர்ந்து விழுந்துவிட்டது. வாய் கோணிப் பேச்சு குழறியது. அத்தான் உடனே மட்டக்களப்பு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனதால் தப்பினாள். நான் வந்து சேர்ந்தபோது பேச்சு தெளிந்திருந்தது. கை மட்டும், யாரோ மடியில் வைத்துவிட்டுப் போன பொருள் மாதிரிக் கிடந்தது.

டாக்டர் எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொன்னார். அந்தக் குழாயைக் கண்டதும் அக்கா வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"எனக்கு ஏலா புள்ள. உசிரோட பெட்டிக்குள்ள வைக்கிற மாதிரி இரிக்கு."

ஒன்றும் செய்யாது என்று எத்தனையோ விதமாகச் சொல்லிப் பார்த்தேன். மாட்டேன் என்று தலையை ஆட்டிக்கொண்டே இருந்தாள். எனக்கு எங்கள் ஆடுகள் நினைவுக்கு வந்தன. செம்மறியைத் தனியாகக் கொண்டுவந்தால் மிரண்டு கத்தும். பக்கத்தில் இன்னொன்று நின்றால் அடங்கிவிடும். அதனால் மயக்க ஊசி போடும்வரை துணைக்கு ஓர் ஆட்டை நிறுத்தியிருப்போம்.

உள்ளே நானும் நிற்கலாமா என்று படம் எடுப்பவரிடம் கேட்டேன். என் உடம்பில் உலோகம் ஏதும் இல்லையென்று விசாரித்துவிட்டுச் சம்மதித்தார். எங்கள் இருவருடைய நகைகளையும் அத்தான் தன் லேஞ்சித் துணியில் முடிந்து வைத்துக்கொண்டார்.

"நானும் உள்ள வாறன் அக்கா. உங்கட காலப் புடிச்சிட்டே நிப்பன்."

"கடைசி மட்டும் நிப்பியா?"

"ஓம்."

மெஷின் இரையத் தொடங்கியதும் அவளுடைய கால்விரல்கள் என் கைக்குள் சுருண்டுகொண்டன. வேலையில் நான் எப்போதும் கண்ணாடிக்கு அந்தப் பக்கம், திரையைப் பார்த்தபடி இருப்பவள். அந்த இரைச்சல் இவ்வளவு பெரியது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. பாதத்தைத் தடவிக்கொண்டே நின்றேன். விரல்கள் மெல்ல இளகின.

வீட்டுக்குத் திரும்பும்போது வேனுக்குள் வைத்து அவளுக்கு என் வேலையைச் சொன்னேன்.

"செம்மறி ஆடு அந்தக் குழாய்க்குள்ள படுக்குமா?" அக்கா சிரித்துவிட்டாள். நோய் வந்த பிறகு முதல் சிரிப்பு. பிறகு கேட்டாள், "படம் எடுத்து முடிஞ்சா, மறுகா அதுகள என்ன செய்யிற?"

பொய் சொல்லியிருக்கலாம். மனம் வரவில்லை.

"மயக்கத்திலயே சாக வைப்பம். படத்தில கண்டது சரியா எண்டு மூளைய எடுத்துப் பாக்கணும்."

அக்கா ஜன்னல் வழியே வாவியைப் பார்த்துக்கொண்டு வந்தாள். திட்டப்போகிறாள் என்று நினைத்தேன்.

"நோகுமா?"

"நோகாமத்தான் செய்யிற."

"அந்த நேரம் நீ கிட்ட நிப்பியா?"

"இல்ல. அது வேற ஆக்கள்ட வேலை."

இடக்கையால் என் கையைப் பிடித்தாள். "இனி நில்லுகா. என்னோட நிண்ட மாதிரி."

இப்போது நான் நிற்கிறேன். கடைசி ஊசி போடும்போது ஆட்டின் நெற்றியில் கையை வைத்துக்கொள்வேன். மயங்கிய ஆட்டுக்கு அது தெரியாது என்று எனக்குத் தெரியும். ஆனாலும் கையை எடுக்க மாட்டேன்.

அக்கா மறுபடி தைக்கத் தொடங்கிவிட்டாள். நேர்த்தையல் மெதுவாக ஓடுகிறது. பொத்தான் கட்ட மட்டும் அத்தானைக் கூப்பிடுகிறாளாம். போன் எடுத்தால் முதலில், "இண்டைக்கு நிண்டியா?" என்று கேட்பாள். "நிண்டன் அக்கா" என்பேன். அதற்குப் பிறகுதான் மற்றக் கதையெல்லாம்.